க்யூ30 சரிந்த ரன்: பழுது கருவியிலா, லைப்ரரியிலா?

கேள்வியின் சாரம் இது. டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் மைசெக் கருவியில், பாக்டீரியாக்களை அடையாளம் காண உதவும் 16எஸ் ஜீனின் வி3–வி4 பகுதியை 2×300 ரன்னாக, அதாவது ஒவ்வொரு துண்டையும் இரு முனையிலிருந்தும் 300 எழுத்து வரை (ரீட் 1, ரீட் 2) படிக்கும்படி ஓட்டியிருக்கிறீர்கள். ஒரே துண்டின் நகல்கள் குவிந்த புள்ளிகளான கிளஸ்டர்களின் அடர்த்தி சதுர மில்லிமீட்டருக்கு 16 லட்சம். அவற்றில் தரச் சோதனையான ஃபில்டரைத் தாண்டியவை 66 சதவீதம். பிழை வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றோ அதற்குக் குறைவோ உள்ள எழுத்துகள், அதாவது மொத்த க்யூ30, 58 சதவீதம். ரீட் 1 சுமார் 250ஆவது சைக்கிள் (ஒரு சைக்கிளுக்கு ஓர் எழுத்து) வரை தாக்குப்பிடிக்கிறது. ரீட் 2 180ஐத் தாண்டியதும் படுத்துவிடுகிறது. இந்தச் சரிவு எல்லா டைல்களிலும், அதாவது படம் பிடிக்கும் எல்லாக் கட்டங்களிலும், ஒரே மாதிரி. ஒப்பீட்டுக்காக 5 சதவீதம் கலந்த ஃபைஎக்ஸ் என்ற வைரஸ் டி.என்.ஏ. முடிவில் 3 சதவீதமாகத்தான் தெரிகிறது. கருவி பழுதா, ரீஏஜென்ட் (வேதிப்பொருள்) கெட்டதா, அல்லது ரீடுகளின் மோசமான வாலை வெட்டிவிட்டு மேலே போகலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால் கருவியின் மேல் சந்தேகப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை. லைப்ரரியை, அதாவது படிக்கத் தயாரித்த டி.என்.ஏ. துண்டுகளின் கலவையை, நினைத்ததைவிடக் கூடுதலாக ஏற்றியிருக்கிறீர்கள். அதோடு 16எஸ் ஆம்பிளிகானுக்கே (பிசிஆரால் பெருக்கிய ஒரே பகுதி) உரிய பன்மைக் குறைவும், அதாவது துண்டுகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதும், சேர்ந்துகொண்டது. வாலை வெட்டினாலும் இரண்டு ரீடுகளும் ஒன்றையொன்று தொடாது. அதன் கணக்கைப் பின்னால் தருகிறேன். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடுத்த முறை வேறு மாதிரி சரிவு வந்தால் அப்போதும் இதே வழியில் தேடலாம்.

க்யூ மதிப்பெண் எதைச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். க்யூ20 என்றால் அந்த எழுத்து தவறாக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு, க்யூ30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. இந்த அளவுகோல் பிரெண்ட் ஈவிங், ஃபில் கிரீன் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஃப்ரெட் மென்பொருளிலிருந்து வந்தது. இன்றைய கருவிகளிலும் அதே பொருள்தான். ஆனால் அது அளந்து பெற்ற பிழை அல்ல, கணித்துச் சொன்ன பிழை. ஒளியின் வலிமை, பக்கத்து நிறத்தின் கலப்பு போன்ற சில அடையாளங்களைப் பார்த்து, முன்பே பயிற்றுவித்த அட்டவணையிலிருந்து மென்பொருள் எடுத்துத் தரும் எண் அது. அதனால் ‘க்யூ30 58 சதவீதம்’ என்ற ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முழு ரன்னும் ஒரே சீராக மந்தமாக இருந்தாலும் 58 வரலாம். முதல் பாதி அருமையாக ஓடி இரண்டாம் பாதி செத்துப்போயிருந்தாலும் 58 வரலாம். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

நான் பார்ப்பது இரண்டு வடிவங்களை. ஒன்று, சைக்கிள் வாரியாகத் தரம் எப்படி இறங்குகிறது. இன்னொன்று, கிளஸ்டர்கள் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தட்டான ஃப்ளோசெல்லின் எந்த இடத்தில் இறங்குகிறது. ரன்னின் அளவீடுகளைக் காட்டும் சீக்வென்சிங் அனாலிசிஸ் வியூவர் மென்பொருளில் இரண்டும் கிடைக்கும். ரீடுகளின் தரம் பார்க்கும் ஃபாஸ்ட்க்யூசி நிரலின் அறிக்கையில் முதலாவது தெளிவாகவும் இரண்டாவது ஓரளவுக்கும் தெரியும். பலர் ஃபாஸ்ட்க்யூசியின் சிவப்புக் குறிகளை மட்டும் எண்ணிவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஆம்பிளிகான் தரவில் ‘ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது’ என்று அது சிவப்புக் காட்டுவது இயல்பு. ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்கில் முதல் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளின் விகிதம் கோணலாக இருப்பதும் ரேண்டம் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டைத் துண்டு) ஒட்டும் விதத்தால் வருவதுதான். இவற்றில் பேஸ் கால் பிழை, அதாவது எழுத்தைத் தவறாகப் படித்த பிழை, எதுவும் இல்லை. அந்தச் சிவப்பைப் பார்த்து முதல் பன்னிரண்டு எழுத்துகளை வெட்டி எறிவது வீண் வேலை.

சைக்கிள் வாரியான வடிவத்தைப் புரிந்துகொள்ள வேதியியலை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கிளஸ்டரிலும் ஒரே டி.என்.ஏ. துண்டின் ஆயிரம் நகல்கள் அளவில் இருக்கின்றன. ஒரு சைக்கிளில் ஒரே ஒரு எழுத்து சேர வேண்டும், படம் எடுக்க வேண்டும், சாயத்தையும் தடுப்பையும் கழற்ற வேண்டும். பிறகு அடுத்த சைக்கிள். ஆயிரம் பேர் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடும்போது சிலர் ஒரு சொல் பின்தங்குவார்கள், சிலர் முந்துவார்கள். ஆரம்பத்தில் அது காதில் விழாது, போகப்போக வார்த்தையே புரியாது. பின்தங்குவதற்கு ஃபேசிங் என்றும் முந்துவதற்குப் பிரீஃபேசிங் என்றும் பெயர்.

எண்ணாகப் பார்த்தால் இதன் வீரியம் புரியும். சைக்கிளுக்கு 0.2 சதவீத நகல்கள் பின்தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 150 சைக்கிள் முடிவில் 74 சதவீதம்தான் ஒத்த அடியில் இருக்கும். 300 சைக்கிளில் அது 55 சதவீதம். அதே விகிதம் 0.5 ஆகிவிட்டால் 150ஆவது சைக்கிளிலேயே 47க்கு வந்துவிடும். மென்பொருள் இதை ஓரளவு சரிசெய்யும். அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் 300 எழுத்து வாசிப்பே சாத்தியமில்லை. ஆனாலும் ஃபேசிங் எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள சின்ன மாற்றம் நீண்ட ரன்னை எப்படிக் கவிழ்க்கும் என்பது இதில் தெரியும்.

ஆகவே மெதுவான, வழவழப்பான சரிவு எல்லா ரன்னிலும் இருக்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. நீண்ட ரன்னில் தரம் குறையும் என்று தயாரிப்பாளரின் அளவீடே ஒப்புக்கொள்கிறது. மைசெக் வி3 கிட்டில் 2×75க்கு க்யூ30 85 சதவீதத்துக்கு மேல் என்று சொல்பவர்கள் 2×300க்கு 70 சதவீதத்துக்கு மேல் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் 58ஐ அந்த 70ஓடு ஒப்பிட வேண்டும்; வேறொருவரின் 2×75 ரன்னில் வந்த 90ஓடு அல்ல.

சரிவு வழவழப்பாக இருந்து, ஆனால் வழக்கத்தைவிடச் செங்குத்தாக இருந்தால் ஃபேசிங் எண்ணைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் வேதியியல் பக்கம் தேட வேண்டும். ரீஏஜென்ட் கார்ட்ரிட்ஜ் சரியாக உருகாமல் ஏற்றியது, உருகியபின் தலைகீழாகத் திருப்பிக் கலக்காதது, காலாவதி, ஃப்ளோசெல்லின் வெப்பநிலை தவறுவது, முந்தைய ரன்னுக்குப் பின் கழுவாமல் விட்டது எல்லாம் இங்கே வரும். உருகாத ரீஏஜென்ட்தான் இதில் அதிகம் நடப்பது. வெளியே உருகியது போலத் தெரியும், குழியின் அடியில் ஐஸ் கிடக்கும்.

சரிவு இல்லாமல் படிக்கட்டு போல ஒரே சைக்கிளில் பொத்தென்று விழுந்து அப்படியே கிடந்தால் அது ஃபேசிங் இல்லை. ஒரு ரீஏஜென்ட் தீர்ந்திருக்கலாம், குழாயில் கசிவு இருக்கலாம், ஒளி மூலம் போயிருக்கலாம். ஒளி வலிமை வரைபடத்தில் எந்த நிறம் விழுந்தது என்று பாருங்கள். மைசெக்கில் ஏயும் சியும் சிவப்பு ஒளியில், ஜியும் டியும் பச்சை ஒளியில் படமாகின்றன. ஜி, டி இரண்டும் சேர்ந்து விழ, ஏ, சி இரண்டும் நன்றாக இருந்தால் ஒளிப்பாதையில் ஒரு பக்கம்தான் பழுது. நான்கும் சேர்ந்து விழுந்தால் திரவப் பாதை அல்லது ஃபோகஸ்.

ஓரிரு சைக்கிளில் பள்ளம் விழுந்து மீண்டும் எழுந்தால் இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில டைல்களில் மட்டும் பள்ளம் என்றால் பெரும்பாலும் காற்றுக் குமிழி. எல்லா டைல்களிலும் ஒரே சைக்கிளில் என்றால் அந்தச் சைக்கிளில் வேதியியல் தவறியிருக்கிறது. அல்லது ஆம்பிளிகானில் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே எழுத்து வரும் இடம் அது. குமிழி சாதுவானது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு சைக்கிளில் எழுத்தே சேராமல் போனால், சேராத இடத்திலும் மென்பொருள் ஏதோ ஓர் எழுத்தை எழுதிவைக்கும். பின்னால் ரெஃபரன்சோடு ஒப்பிடும்போது அந்த டைலின் ரீடுகளிலெல்லாம் ஒரே இடத்தில் ஓர் எழுத்து கூடுதலாக வந்து நிற்கும். உயிரியல் மாற்றம் என்று நினைத்து அதன் பின்னால் ஓடுபவர்கள் உண்டு.

ரீட் 1 நன்றாக இருந்து ரீட் 2 முதல் சைக்கிளிலிருந்தே மோசம் என்றால் துண்டை மறுமுனையிலிருந்து படிக்க இடையில் நடக்கும் திருப்பம் தோற்றிருக்கிறது, அல்லது ரீட் 2 பிரைமர் பொருந்தவில்லை. சொந்தமாக வடிவமைத்த பிரைமரைப் பயன்படுத்துபவர்கள் அதைத் தவறான குழியில் ஊற்றியிருப்பதும், ரன்னின் விவரங்களைக் கருவிக்குச் சொல்லும் சாம்பிள் ஷீட்டில் குறிக்க மறந்திருப்பதும் சாதாரணமாக நடக்கும். உங்கள் ரீட் 2 அப்படி இல்லை. 180 வரை நன்றாக ஓடிப் பிறகுதான் விழுகிறது. எனவே பிரைமரும் திருப்பமும் குற்றமற்றவை.

ரீட் 2 எப்போதும் ரீட் 1ஐவிடக் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும். அது வாசிக்கத் தொடங்கும்போது கிளஸ்டர் ஏற்கெனவே 300 முறை ஒளியையும் வேதிப்பொருளையும் தாங்கியிருக்கிறது, பிறகு எதிர் இழை மறுபடி உருவாக்கப்பட்டிருக்கிறது. கிளஸ்டர்கள் நெருக்கியடித்து நிற்கும் ஃப்ளோசெல்லில் அந்த மறு உருவாக்கத்தில் எல்லைகள் இன்னும் குழம்பும். இதனால்தான் ஓவர்லோடிங்கின் அடி முதலில் ரீட் 2இன் வாலில் விழுகிறது.

இட வாரியான வடிவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓரத்து டைல்கள் மட்டும் மோசம் என்றால் ஃபோகஸ் அல்லது ஃப்ளோசெல் சரியாக உட்காராதது. நடுவில் ஒரு திட்டு மட்டும் என்றால் கண்ணாடியில் தூசி, உப்புப் படிவு, விரல் ரேகை. மைசெக் ஃப்ளோசெல் பஃபரில் ஊறி வருவதால் அதைத் தண்ணீரில் நன்றாக அலசி, நார் உதிராத தாளால் ஒற்றி, கண்ணாடியை மட்டும் ஆல்கஹால் துணியால் துடைக்க வேண்டும். ரப்பர் வாய்ப்பகுதியை ஆல்கஹால் தொடக்கூடாது. மேல்தளம் நன்றாக இருந்து கீழ்த்தளம் மட்டும் மோசம் என்றால் ஒளியியல் பிரச்சினை, சர்வீஸ் பொறியாளர் வேலை. எல்லா டைலும் ஒரே மாதிரி மோசம் என்றால், உங்களுடையது போல, காரணம் ஏற்றிய திரவத்திலோ பொதுவான வேதியியலிலோதான் இருக்க முடியும்.

இப்போது சாட்சியைக் கூப்பிடுவோம். ஃபைஎக்ஸ் 174 என்பது 5,386 எழுத்து நீளமுள்ள வைரஸ் ஜீனோம். 1977இல் ஃபிரெட் சாங்கரின் குழு வரிசையை வெளியிட்டதால் ஒவ்வோர் எழுத்தும் தெரியும். நான்கு எழுத்துகளும் ஓரளவு சமமாக உள்ளவை. நம் மாதிரியோடு அதைக் கலக்கும்போது, கணித்த பிழைக்குப் பதிலாக அளந்த பிழை கிடைக்கிறது: கருவி படித்ததும் உண்மையும் எத்தனை இடத்தில் வேறுபடுகின்றன என்பது. இதைவிட நல்ல கருவிச் சோதனை அந்த ரன்னுக்குள்ளேயே கிடையாது. ஃபைஎக்ஸ் சேர்க்காமல் ஓட்டி, ரன் கெட்டபின் காரணம் கேட்பவர்களுக்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது.

சாட்சியை விசாரிக்கும் முறை இப்படி. ஃபைஎக்ஸின் பிழை விகிதம் நன்றாக இருந்து உங்கள் மாதிரியின் ரீடுகள் மட்டும் மோசம் என்றால், கோளாறு லைப்ரரியின் உள்ளடக்கத்தில்: அடாப்டர் டைமர் (துண்டின் முனைகளில் சேர்க்கும் அடாப்டர்கள் துண்டே இல்லாமல் தமக்குள் ஒட்டிக்கொண்டவை), மிகக் குட்டையான துண்டுகள், சிக்கலான மடிப்புகள். ஃபைஎக்ஸும் சேர்ந்து கெட்டிருந்தால் கோளாறு எல்லாருக்கும் பொதுவானது: கருவி, ரீஏஜென்ட், அல்லது நெரிசல். அந்த மூன்றில் நெரிசலைப் பிரிக்க அடர்த்தி எண் போதும்.

உங்கள் ஃபைஎக்ஸ் இன்னொரு ரகசியத்தையும் சொல்கிறது. 5 சதவீதம் கலந்தீர்கள் என்றால் ஒரு பங்கு ஃபைஎக்ஸுக்கு 19 பங்கு லைப்ரரி. முடிவில் 3 சதவீதம் என்றால் ஒன்றுக்கு 32. அப்படியானால் உங்கள் லைப்ரரி நீங்கள் நினைத்ததைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு அடர்த்தியாக இருந்திருக்கிறது. நீர்த்த ஃபைஎக்ஸ் பழசாகிக் கெட்டிருந்தாலும் இதே 3 வரும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது அடர்த்தி இலக்கை ஒட்டியே நின்றிருக்கும். இங்கே ஃபைஎக்ஸ் குறைந்திருக்கிறது, அடர்த்தியும் எகிறியிருக்கிறது. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. வி3 கிட்டுக்குப் பரிந்துரைக்கும் அடர்த்தி 12 முதல் 14 லட்சம். அதுவும் பன்மை நிறைந்த லைப்ரரிக்கு. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய கிளஸ்டர்களை மென்பொருளால் பிரித்து எண்ண முடியாது என்பதால் நீங்கள் பார்க்கும் 16 லட்சமே குறைத்துக் காட்டப்பட்ட எண்ணாக இருக்கலாம். மிகக் கடுமையான ஓவர்லோடிங்கில் அடர்த்தி குறைவாகக்கூடக் காட்டும். அதை நம்பி அடுத்த முறை இன்னும் கூட்டி ஏற்றுபவர்களைப் பார்க்கும்போது பரிதாபமாக இருக்கும்.

66 சதவீதம் மட்டும் ஃபில்டரைத் தாண்டியதும் இதோடு பொருந்துகிறது. அந்த ஃபில்டர் பார்ப்பது ஒன்றைத்தான்: மிகப் பிரகாசமான நிறத்தை, அதுவும் அடுத்த நிறமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்கிறது. முதல் 25 சைக்கிளில் அந்த விகிதம் ஒரு முறைக்கு மேல் 0.6க்குக் கீழே போனால் கிளஸ்டர் வெளியே. இரண்டு கிளஸ்டர்கள் ஒட்டி நின்றால் இரண்டு நிறங்கள் கலக்கும், விகிதம் விழும். விளிம்பில் தப்பித்து உள்ளே வந்தவையும் சுத்தமானவை அல்ல. அவைதான் பின்னால் க்யூவை இழுத்துக்கொண்டு போகின்றன.

லைப்ரரி எப்படி 1.7 மடங்கு ஆனது? இங்கேதான் எல்லா ஆய்வகங்களும் இடறுகின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நானோடிராப் கொண்டு லைப்ரரியை அளப்பதை முதலில் விட்டுவிடுங்கள். அது தனி நியூக்ளியோடைடு, பிரைமர், ஆர்.என்.ஏ. எல்லாவற்றையும் டி.என்.ஏ. என்றே எண்ணும். க்யூபிட் இரட்டை இழையை மட்டும் எண்ணும், ஆனால் எடையை மட்டும் சொல்லும். எடையை மூலக்கூறு எண்ணிக்கையாக மாற்ற நீளம் தெரிய வேண்டும். அடாப்டர் சேர்ந்த உங்கள் 16எஸ் துண்டு சுமார் 630 எழுத்து நீளம். அந்த நீளத்துக்கு மைக்ரோலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது ஏறக்குறைய 2.4 நானோமோலார். கணக்கு எளிது: நானோகிராம் எண்ணைப் பத்து லட்சத்தால் பெருக்கி, 660ஐயும் நீளத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். நீளத்தைத் தவறாக எடுத்தால் விடை அதே விகிதத்தில் தவறும்.

டைமர் இருந்தால் இன்னும் மோசம். 125 எழுத்து நீளமுள்ள அடாப்டர் டைமர் எடையில் வெறும் 5 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளின் நீளத்தைக் காட்டும் பயோஅனலைசரில் ஒரு சின்ன மேடு, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எண்ணிக்கையில் அது 21 சதவீதம். குட்டைத் துண்டுகள் ஃப்ளோசெல்லில் இன்னும் எளிதாகப் பெருகும் என்பதால் கிளஸ்டரில் அதன் பங்கு அதையும் தாண்டும். அப்படி உருவான கிளஸ்டர் முதல் எழுத்திலிருந்தே ஏ-ஜி-ஏ-டி-சி-ஜி-ஜி என்று அடாப்டரைப் படிக்கும், சிறிது நேரத்தில் படிக்க ஒன்றுமில்லாமல் குப்பையைக் கொட்டும், சராசரி க்யூவைக் கீழே இழுக்கும். டைமரைக் கண்டால் குட்டைத் துண்டுகளை நீக்கும் காந்த மணிச் (பீட்) சுத்திகரிப்பை இன்னொரு முறை செய்யுங்கள். ரன் கிட் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

எல்லாவற்றையும்விட நம்பகமானது, துண்டுகளைப் பெருக்கியபடியே எண்ணும் க்யூபிசிஆர். இரண்டு முனையிலும் சரியான அடாப்டர் உள்ள, உண்மையிலேயே கிளஸ்டராகக்கூடிய துண்டுகளை மட்டும் அது எண்ணும். நேரம் பிடிக்கும், அலுப்பு தரும். ஆனாலும் பல மாதிரிகளைக் கலந்த பூல் ஒன்றுக்கு இறுதியில் ஒரே ஒரு க்யூபிசிஆர் செய்தால் போதும். ஒவ்வொரு மாதிரிக்கும் செய்யத் தேவையில்லை.

இழைபிரிப்பும் இதோடு சேர்ந்தது. 0.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு அன்றைக்குத் தயாரித்ததாக இருக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அது வலுவிழக்கும், இழைகள் முழுதாகப் பிரியாது, அடர்த்தி குறைந்துபோகும். அடுத்த முறை அதை ஈடுகட்ட லைப்ரரியைக் கூட்டுவார்கள், அன்றைக்கு ஹைட்ராக்சைடு புதிதாக இருக்கும், ரன் மூழ்கும். ஏற்றும் கலவையில் மிஞ்சும் ஹைட்ராக்சைடு 1 மில்லிமோலாரைத் தாண்டினாலும் ஃப்ளோசெல்லில் ஒட்டுவது கெடும். ஒரு ரன்னின் அடர்த்தி இன்னொரு ரன்னோடு ஒத்துவரவே இல்லை என்றால் நான் முதலில் கேட்பது ஹைட்ராக்சைடு எப்போது தயாரித்தது என்றுதான்.

நோவாசெக் போன்ற வேறு கருவிகளின், நானோவெல் (நுண்குழி) பதித்த ஃப்ளோசெல்களில் அடர்த்தி எண்ணுக்கு அர்த்தமில்லை, குழிகள் எப்போதும் அதே எண்ணிக்கைதான். அங்கே நிரம்பிய குழிகளின் சதவீதத்தையும் ஃபில்டரைத் தாண்டிய சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் குறைவு என்றால் ஏற்றியது போதவில்லை. நிரம்பியது அதிகம், தாண்டியது குறைவு என்றால் ஒரே குழியில் இரண்டு துண்டுகள் குடியேறியிருக்கின்றன; அது ஓவர்லோடிங்.

உங்கள் ரன்னின் இரண்டாம் பிரச்சினைக்கு வருவோம். 16எஸ் ஆம்பிளிகானில் எல்லா ரீடும் ஒரே பிரைமரில் தொடங்குகிறது. அதாவது முதல் சைக்கிளில் ஏறக்குறைய எல்லாக் கிளஸ்டரும் ஒரே நிறத்தில் எரியும், மற்ற நிறங்களில் இருட்டு. கிளஸ்டர் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் வரைபடம் போடுவது இந்த முதல் சில சைக்கிள்களில்தான். எல்லாம் ஒரே நிறத்தில் எரிந்தால் பக்கத்துப் பக்கத்துக் கிளஸ்டர்களைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. நிறங்களுக்கிடையே உள்ள கலப்பைத் திருத்தும் கணக்கும் தடுமாறும். அடர்த்தி குறைவாக இருந்தால் இந்தக் குழப்பம் தாங்கக்கூடியது. 16 லட்சத்தில் தாங்காது. அதனால்தான் ஆம்பிளிகானுக்கு வேண்டுமென்றே குறைத்து ஏற்றச் சொல்கிறோம்.

மருந்து மூன்று வகை. ஃபைஎக்ஸைக் கூட்டுவது எளிது. மைசெக்குக்கு 5 சதவீதம் போதும் என்பது ஏட்டுக் கணக்கு, நான் 10 முதல் 20 வரை போடச் சொல்வேன். தரவில் ஒரு பங்கு போகும், மீதித் தரவு உருப்படும். இரண்டாவது, பிரைமருக்கு முன்னால் சில எழுத்துகளை மாறுபட்ட எண்ணிக்கையில் சேர்த்து வடிவமைப்பது. ஒரு மாதிரி பூஜ்யத்தில் தொடங்கும், இன்னொன்று இரண்டு எழுத்து தள்ளி, மற்றொன்று நான்கு தள்ளி. ஒரே சைக்கிளில் வெவ்வேறு நிறங்கள் எரியும். தொடர்ந்து ஆம்பிளிகான் ஓட்டும் ஆய்வகத்துக்கு ஒரு முறை பிரைமர் வாங்கினால் தீரும் பிரச்சினை இது, ஏன் பலர் செய்வதில்லை என்று எனக்கு வியப்புதான். மூன்றாவது, வாய்ப்பிருந்தால் அதே ரன்னில் ஒரு ஜீனோம் லைப்ரரியைச் சேர்த்து ஓட்டுவது.

நெக்ஸ்ட்செக் 500, நோவாசெக் 6000 போன்ற இருநிறக் கருவிக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒரு பொறியைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஏ இரண்டு நிறத்திலும், சி சிவப்பில், டி பச்சையில் எரியும். ஜிக்கு ஒளியே இல்லை. ஆகவே வெளிச்சம் எந்தக் காரணத்தால் நின்றுபோனாலும் கருவி அதை ஜி என்றே படிக்கும், பல நேரம் உயர்ந்த க்யூவோடு. துண்டு முடிந்துபோன ரீடின் வாலில் நீண்ட ஜி வரிசை வருவது இதனால்தான். க்யூவை வைத்து வெட்டும் சாதாரண முறை இதைத் தொடாது. ரீடுகளை வெட்டும் கட்அடாப்ட் நிரலில் நெக்ஸ்ட்செக் டிரிம் என்றொரு தெரிவு இருக்கிறது. அதே வேலைக்கான ஃபாஸ்ட்பி நிரல் இந்தக் கருவிகளின் தரவைக் கண்டால் தானாகவே ஜி வாலை நறுக்கும். எந்த ரீட் எந்த மாதிரியுடையது என்று காட்டும் இண்டெக்ஸ் எழுத்துகளின் தேர்விலும் இதே எச்சரிக்கை: முதல் இரண்டு எழுத்தும் ஜியாக இருக்கும் இண்டெக்ஸைத் தவிருங்கள், ஒவ்வொரு சைக்கிளிலும் பூலில் இரண்டு நிறமும் வருகிறதா என்று பாருங்கள்.

ரீடுகள் எல்லாம் அழகாக இருந்தும் மாதிரிகளுக்குப் போகாமல் அடையாளம் தெரியாதவை என்ற கோப்பில் குவிந்தால் அது பேஸ் கால் பிரச்சினையே இல்லை. மைசெக் ஐ5 என்ற இரண்டாவது இண்டெக்ஸை ஒரு திசையிலும் நெக்ஸ்ட்செக் அதன் எதிர் நிரப்பு வடிவிலும் படிக்கின்றன. சாம்பிள் ஷீட்டில் திசையைத் திருப்பி மறுபடி பிரித்தால் தீர்ந்தது.

க்யூ உயர்ந்திருந்தும் தவறான எழுத்துகளும் உண்டு. கருவி படிப்பதற்கு முன்னமே டி.என்.ஏ.யில் ஏறிய பிழையைக் கருவி நேர்மையாகத்தான் படிக்கிறது. ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் சி டியாகத் தெரிவது, ஒலி அலையால் துண்டாக்கும்போது ஆக்சிஜனேற்றத்தால் ஜி டியாகத் தெரிவது, பிசிஆர் பிழை எல்லாம் இந்த வகை. எந்த க்யூ வடிகட்டியும் இவற்றைப் பிடிக்காது. உங்கள் கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை, ஆனால் அரிதான மாற்றங்களைத் தேடுபவர் யாராவது இதைப் படிக்கக்கூடும்.

இனி, கையிலுள்ள தரவை என்ன செய்வது. வி3–வி4 துண்டு பிரைமரோடு சேர்த்துச் சுமார் 460 எழுத்து. ரீட் 1இல் 250, ரீட் 2இல் 180 வைத்தால் கூட்டு 430. நடுவில் 30 எழுத்து இடைவெளி, இணைக்க வழியே இல்லை. ரீட் 2ஐ 230 வரை இழுத்துப் பிடித்தால் கூட்டு 480, தொட்டுக்கொள்ளும் பகுதி 20 எழுத்து. ரீடுகளை இணைக்கும் டாடா2 நிரல் கேட்கும் குறைந்தபட்சம் 12 என்பதால் தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் அந்த 50 எழுத்துகளும் குப்பை. 250 எழுத்து முழுதும் க்யூ30 என்றால் எதிர்பார்க்கும் பிழை கால் பங்கு, அதே நீளம் க்யூ20 என்றால் இரண்டரை. பிழை மிகுந்த ரீடுகள் வடிகட்டியில் விழும். விழாதவை புதிய பாக்டீரிய இனம் போல வேடமிடும். இதைவிட ஆபத்தான ஒன்றும் இருக்கிறது. இந்தப் பகுதியின் நீளம் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா சற்று மாறும். விளிம்பில் வெட்டினால் குட்டையான துண்டுள்ளவை இணையும், நீளமானவை இணையாமல் உதிரும். எண்ணிக்கை குறைந்தால் தெரிந்துவிடும், ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தெரியாது. விகிதங்கள் கோணலாகிவிட்ட அட்டவணை பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருக்கும்.

ஆகவே ரீட் 2ஐ விட்டுவிடுங்கள். ரீட் 1ஐ 240 அளவில் வெட்டி, அதை மட்டும் வைத்து ஒற்றை ரீடாகப் பகுப்பாய்வு செய்யுங்கள். வி3 முழுதும் அதற்கப்பால் கொஞ்சமும் கிடைக்கும், பேரின அளவில் மாதிரிகளை ஒப்பிடப் பெரும்பாலும் போதும். வி4 இல்லாமல் முடியாது என்றால் மறு ரன்தான்; லைப்ரரி மிச்சமிருந்தால் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை.

மறு ரன்னில் பூலைப் புதிதாக அளந்து, டைமர் இல்லை என்று பார்த்து, அடர்த்தி 9 லட்சத்தை ஒட்டி வரும்படி ஏற்றுங்கள். இப்போது 16 வந்ததால் ஏறக்குறைய பாதியளவு என்று தொடங்கலாம். ஃபைஎக்ஸ் 15 சதவீதம். பல ரன்களில் எதை மாற்றினோம் என்றே தெரியாமல் போவதால், ஏற்றிய அளவு, ஹைட்ராக்சைடு தயாரித்த நாள், கார்ட்ரிட்ஜ் லாட் எண் மூன்றையும் எழுதிவையுங்கள். அடர்த்தி சரியாக வந்தும் ரீட் 2 அதே 180இல் விழுந்தால் என் முடிவு தவறு. அப்போது கிட்டின் மேலும் கருவியின் மேலும் சந்தேகம் திரும்பும், தயாரிப்பாளரின் உதவிக் குழுவைக் கூப்பிட வேண்டும். அவர்கள் கேட்பது ஃபாஸ்ட்க்யூ கோப்பை அல்ல. இன்டர்ஆப் கோப்புறை, ரன்இன்ஃபோ, ரன்பாராமீட்டர்ஸ் ஆகிய இரண்டு கோப்புகள், சிறுபடங்கள் இருக்கும் கோப்புறை. இடம் போதவில்லை என்று இந்த ரன்னின் கோப்புறையை யாராவது அழிப்பதற்கு முன் இவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.